இரண்டு முறை எண்ணிய சோறு

அத்தியாயம் 11

லேப்டாப்பில் அந்தச் சிவப்பு எண்ணைப் பார்த்த நாளிலிருந்து திருமலை வீட்டில் யாரிடமும் பேசவில்லை. கடைசியில் பேசியபோது, பேசியது கடையை விலைக்குக் கேட்டுக்கொண்டிருந்த பலராமனிடம்.

"வெள்ளிக்கெழம காலைல வரேன். அட்வான்ஸ் ரெடி பண்ணி வை."

அவ்வளவுதான். இத்தனை வருடம் நடத்திய கடையை விற்க அவருக்கு அந்த இரண்டு வரிதான் தேவைப்பட்டது. மகள் எம்.பி.ஏ. படிக்கிறாள். மகள் போட்ட கணக்கு நஷ்டம் என்கிறது. ஊரில் எவன் சொன்னாலும் நம்பாத மனிதர், அந்தச் சிவப்பை மட்டும் நம்பிவிட்டார்.

அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையை ஒட்டி இருக்கிறது 'ரேணுகா பந்தல் மற்றும் பாத்திர வாடகை நிலையம்'. பௌர்ணமி அன்னதானத்துக்கு அண்டா வேண்டுமா, கல்யாணத்துக்கு ஷாமியானா வேண்டுமா, எல்லாம் அங்கே. ஆர்டர் பிடிப்பதும் பந்தல் போடுவதும் திருமலை. மற்றதெல்லாம் அவர் மனைவி ரேணுகாம்பாள். எந்த அண்டா எந்த ஊரில் நிற்கிறது, எவன் வீட்டிலிருந்து கரண்டி வரவில்லை, லோடு ஆட்களுக்கு மதியம் என்ன குழம்பு, எல்லாம் அவள் தலையில்.

போர்டில் இருந்த பெயர் அவளுடையது. அந்தப் பெயருக்கு இதுவரை யாரும் ஒரு ரூபாய் சம்பளம் கொடுத்ததில்லை. கொடுக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

மகள் மதிவதனிக்குத் தோன்றியது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

*

வெள்ளிக்கிழமை காலை, திருமலை ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கீழ்பென்னாத்தூர் கிளம்பிய நேரத்தில், மதிவதனி கல்லூரியில் எல்லோர் முன்னாலும் நின்றுகொண்டிருந்தாள். பின்னால் திரையில் அவள் கட்டிய மாடல்.

இந்த செமஸ்டர் முழுக்க அதுதான் வேலை. ஏதாவது ஒரு நிஜத் தொழிலை எடுத்துக்கொண்டு, அதன் வரவு செலவை எக்செல்லில் கட்ட வேண்டும். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் வரப்போகிற ஐந்து வருடக் கணக்கும் தானாக மாற வேண்டும். கையால் அடிக்கும் எண் நீலம். கணக்கில் தானாக வரும் எண் கறுப்பு. நஷ்டம் வந்தால் சிவப்பு. இது ஆதிலட்சுமி மேடத்தின் சட்டம். சட்டத்தை மீறினால் மேடம் ஃபைலை மூடிவிட்டு "அடுத்த ஆள்" என்பார். மறுபேச்சு கிடையாது.

மதிவதனி சட்டத்தை மீறவில்லை. வண்ணமெல்லாம் சரி. ஃபார்முலா எல்லாம் சரி. மாதம் இருபத்திரண்டாயிரம் நஷ்டம் என்று அழகாகக் காட்டியது.

ஆதிலட்சுமி மேடம் திரையைப் பார்த்தபடி கேட்டார். "'மளிகை, பால், கேஸ்'னு ஒரு வரிசை இருக்கே. அது என்ன?"

"லோடு ஆளுங்க சாப்பாடு மேடம். அம்மாதான் சமைப்பாங்க."

"எத்தன பேரு?"

"நாலு பேரு."

"மாசம் முப்பத்தோராயிரம். நாலு பேரு வச்சிருக்கீங்களா, நாலு யானை வச்சிருக்கீங்களா?"

வகுப்பு சிரித்தது. மதிவதனிக்குக் காது சுட்டது.

"இல்ல மேடம், வீட்டுச் சமையலும் அதுலயேதான். ஒரே அடுப்பு. எல்லாத்துக்கும் கடை கல்லாலருந்துதான் எடுப்போம்."

"சரி. கீழ 'இதரச் செலவு' பதினாறாயிரம். அது?"

"என்னோட ஃபீஸ், வீட்டு கரண்ட் பில்லு, அம்மாவுக்கு கண்ணாடி..." சொல்லிக்கொண்டு வந்தவள் நிறுத்தினாள்.

மேடம் நிறுத்தவில்லை. "அதுக்குக் கீழ அப்பா சம்பளம் இருபத்தஞ்சாயிரம், அம்மா சம்பளம் பதினெட்டாயிரம். இது எப்ப சேர்த்தது?"

"நீங்கதான் சொன்னீங்க மேடம். வீட்டு ஆளுங்க உழைப்புக்கும் சம்பளம் போடலன்னா அது மாடல் இல்ல, பொய்னு."

"சொன்னேன். சம்பளம்னா எதுக்கு? அரிசி வாங்க, ஃபீஸ் கட்ட, கண்ணாடி வாங்க. அரிசியையும் கடைக் கணக்குல எழுதிட்டு, அரிசி வாங்கறதுக்கான சம்பளத்தையும் கடைக் கணக்குல எழுதினா? உங்க வீட்ல ஒரே சோத்தை ரெண்டு தடவ சாப்பிடுவீங்களாம்மா?"

இந்த முறை வகுப்பு சிரித்தது அவள் காதில் விழவில்லை.

அம்மா சொல்லச் சொல்ல அடித்தது முதல் பாதி. அம்மா கல்லாவிலிருந்து எடுப்பதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னாள். இவள் ஒன்று விடாமல் அடித்தாள். கடைக் காசு வேறு, வீட்டுக் காசு வேறு என்று அந்த வீட்டில் யாரும் பிரித்துப் பார்த்ததே இல்லை. இரண்டு வாரம் கழித்து, மேடம் சொன்னாரே என்று சம்பள வரிசையைச் சேர்த்தாள். அம்மாவுக்குச் சம்பளம் போட்டுவிட்டோம் என்ற பெருமையில், மேலே ஏற்கெனவே என்ன இருக்கிறது என்று திரும்பிப் பார்க்கவில்லை.

அங்கேயே நின்றபடி அடித்தாள். லோடு ஆட்கள் சாப்பாட்டுக்கு எட்டாயிரம் மட்டும் வைத்துவிட்டு, வீட்டுச் சமையல் இருபத்து மூவாயிரத்தை எடுத்தாள். 'இதர' பதினாறாயிரத்தை முழுதாக எடுத்தாள். மொத்தம் முப்பத்தொன்பதாயிரம் வெளியே போனது.

கீழே இருந்த எண் கறுப்பானது. மாதம் பதினேழாயிரம் லாபம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் சம்பளம் கொடுத்த பிறகும் லாபம்.

"இப்ப இது மாடல்" என்றார் மேடம். "ஒக்காரு."

மதிவதனி உட்காரவில்லை. பையை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள்.

*

அப்பாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அம்மாவுக்குப் போட்டாள்.

"அப்பா எங்கம்மா?"

"எங்க போவாரு? கீழ்பென்னாத்தூருக்குதான். பத்தரைக்கு ராகு காலம், அதுக்குள்ள முடிக்கணும்னு பறந்துகிட்டுப் போனாரு."

"போன் எடுக்க மாட்றாரு."

"என்னைக்கு எடுத்தாரு? வண்டி சீட்டுக்கு அடியில போட்டுப் பூட்டிட்டு சுத்தற ஆளு. எதுக்குடி இப்படி மூச்சு வாங்குது உனக்கு?"

"கணக்கு தப்பும்மா. கடை நஷ்டத்துல ஓடல. நான்தான் தப்பாப் போட்டுட்டேன். பலராமன் நம்பர் இருக்கா?"

ரேணுகாம்பாள் பத்து எண்ணையும் தங்குதடையின்றிச் சொன்னாள். மதிவதனி அவசரத்தில் அதைக் கவனிக்கவில்லை. மகளின் நம்பரையே பார்த்துப் பார்த்து அடிக்கிறவள் அம்மா.

பலராமன் முதல் மணியிலேயே எடுத்தான்.

"அப்பா இங்கதாம்மா இருக்காரு. பேசிட்டு இருக்கோம். முடிஞ்சதும் பண்ணச் சொல்றேன்."

"அண்ணே, ஒரு நிமிஷம் அவர்கிட்ட..."

வைத்துவிட்டான். அடுத்த முறை மணியே போகவில்லை.

செஞ்சி பஸ் கிடைத்தது. அது ஓர் ஓட்டை பஸ். வேங்கிக்கால் தாண்டுவதற்குள் மூன்று இடத்தில் ஆளேற்றினான். மதிவதனி படிக்கட்டுப் பக்கம் நின்றுகொண்டே போனாள். உட்கார இடம் இருந்தது. உட்கார்ந்தால் பஸ் இன்னும் மெதுவாகப் போகும்போல இருந்தது.

அட்வான்ஸ் வாங்கிவிட்டால் முடிந்தது. எழுத்து, கையெழுத்து எதுவும் வேண்டாம். அப்பா கை நீட்டி வாங்கினால் வாங்கினதுதான். எருமை மாட்டை விலை பேசி நூறு ரூபாய் வாங்கிவிட்டு, மறுநாள் இரண்டாயிரம் ஜாஸ்திக்கு ஆள் வந்தபோது "வாக்கு குடுத்துட்டேன்" என்று திருப்பி அனுப்பியவர். கணக்கு தப்பு என்று மகள் அழுதாலும், வாங்கின பிறகு திருப்பிக் கொடுக்க மாட்டார்.

மணி பத்தேமுக்கால் ஆகியிருந்தது. ராகு காலம் தொடங்கிவிட்டது. அதற்குள் முடித்திருப்பார்.

*

பலராமனின் குடோன் ஊருக்கு வெளியே, ரோட்டோரம். உள்ளே பிளாஸ்டிக் பூ வளைவுகள், எல்.இ.டி. பல்பு யானைகள், தங்க பெயின்ட் அடித்த தூண்கள். பலராமன் இப்போது பந்தல்காரன் இல்லை; 'ஈவென்ட்ஸ்' என்று போர்டு வைத்திருக்கிறான்.

நடுவில், மணமக்கள் உட்காரும் சிவப்பு வெல்வெட் சோபாவில், திருமலை தனியாக உட்கார்ந்திருந்தார். உட்கார அங்கே வேறு ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை மாதிரி முதுகு நேராக, முகம் மட்டும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி. முன்னால் ஸ்டூலில் ஒரு தட்டு. தட்டில் வெற்றிலை, பாக்கு, அதன்மேல் ஒரு கட்டுப் பணம்.

பணம் தட்டில் இருந்தது. கையில் இல்லை.

மதிவதனி அருகிலிருந்த பல்பு யானையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, வாங்கிட்டியா?"

"இன்னும் இல்ல. நீ எங்க இங்க?"

பலராமன் எரிச்சலோடு சொன்னான். "காலைலருந்து இதேதாம்மா. ஜிபே பண்றேண்ணே, ஒரு செகண்ட்ல முடிஞ்சிடும்னு சொல்றேன். கேக்க மாட்றாரு. வெத்தல பாக்கு வச்சு தட்டுல குடுத்தாதான் வாங்குவாராம். வெத்தலைக்கு ஆளு அனுப்பினேன். அவன் வரதுக்குள்ள பத்தரை தாண்டிப் போச்சு. இப்ப ராகு காலமாம். பன்னெண்டு ஆவட்டும்ன்றாரு."

"பின்ன?" என்றார் திருமலை. "கடைய மொத்தமாக் குடுக்கறேன். பீடி வாங்கற மாதிரி போன்ல தட்டி வாங்கச் சொல்றியா?"

மதிவதனிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. இரண்டையும் விழுங்கினாள்.

"அப்பா, வாங்காத. கணக்கு தப்பு."

"எந்தக் கணக்கு?"

"நான் போட்டது. நஷ்டம்னு காட்டிச்சே, அது தப்பு."

திருமலை மகளை மேலும் கீழும் பார்த்தார். "போன வாரம் நஷ்டம்ன."

"ஆமா."

"இன்னைக்கு இல்லன்ற."

"ஆமாப்பா."

"அடுத்த வாரம் இன்னா சொல்லுவ?"

பலராமன் சிரித்தான். "அண்ணே, பொண்ணு பரீட்சைக்குப் படிக்குது. அதுக்காக நாம நாள் பாத்து வந்துட்டு..."

மதிவதனி லேப்டாப்பைத் திறக்கப் போனாள். திறக்கவில்லை. மறுபடியும் ஒரு திரையைக் காட்டினால் மறுபடியும் நம்பிவிடுவார், அவ்வளவுதான். அது வேண்டாம் என்றிருந்தது. சோபாவில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அப்பா, வீட்டுக்கு அரிசி வாங்கறியே, காசு எங்கருந்து எடுக்கற?"

"கல்லாலருந்து."

"என் ஃபீஸு?"

"கல்லாலருந்துதான்."

"அம்மா கண்ணாடி?"

"அதுவும்தான். இதெல்லாம் எதுக்குக் கேக்கற?"

"அதெல்லாத்தையும் செலவுல எழுதிட்டேன். எழுதினதுக்கு மேல, உனக்கு மாசம் இருபத்தஞ்சாயிரம் சம்பளம் குடுத்ததா எழுதியிருக்கேன். வாங்கினியா?"

"எவன் குடுத்தான்?"

"அதான்பா. நீ வாங்கவே இல்ல. அம்மாவும் வாங்கல. நாம தின்ன சோத்தையே ரெண்டு தடவ எண்ணிட்டேன். ஒரு தடவ அரிசியா, ஒரு தடவ சம்பளமா. ஒண்ண எடுத்துட்டா நஷ்டமே இல்ல."

திருமலை தட்டைப் பார்த்தார். பலராமனைப் பார்த்தார். விரல் விட்டு ஏதோ எண்ணினார். உதடு மட்டும் அசைந்தது. அவருக்கு எக்செல் தெரியாது. ஆனால் கல்லாவிலிருந்து எடுத்த கை அவருடையது.

"ஏண்டி" என்றார் கடைசியில், "வாங்காத சம்பளத்துக்கா நான் கடைய விக்க வந்தேன்?"

"ஆமாப்பா."

அவர் எழுந்தார். வேட்டியை உதறிக் கட்டினார். தட்டிலிருந்து ஒரே ஒரு வெற்றிலையை மட்டும் எடுத்து, காம்பைக் கிள்ளி மடியில் செருகிக்கொண்டார்.

"அண்ணே, ராகு காலத்துல எந்திரிச்சுப் போறீங்க..."

"எந்திரிச்சா தப்பில்ல பலராமா. ஒக்காந்ததுதான் தப்பு."

பலராமன் கத்தவில்லை. பணத்தை எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். "பாத்திரம் எங்க போனாலும் கெடைக்கும்ணே. உங்க கடைய நான் பாத்திரத்துக்காகவா கேட்டேன்?"

திருமலை அதைக் காதில் வாங்கவில்லை. மதிவதனிக்குக் கேட்டது. ஆனால் வெளியே வெயிலில் ஸ்கூட்டர் நின்றிருந்தது, அப்பா கிளம்பிவிட்டார், கடை கடையாகவே இருந்தது. வேறு எதையும் யோசிக்க அவள் தயாராக இல்லை.

*

கீழ்பென்னாத்தூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெஸ்ஸில் வண்டியை நிறுத்தினார் திருமலை.

"பசிக்குது. ஒரு வாரமா சோறே எறங்கல."

இரண்டு முறை சாம்பார், ஒரு முறை வத்தக்குழம்பு, இரண்டு முறை ரசம். மோரை இலையிலேயே ஊற்றச் சொன்னார். மதிவதனி பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த எண் சிவப்பாக இருந்தபோது அவளும் சரியாகச் சாப்பிடவில்லை என்பது இரண்டாவது அப்பளத்துக்குக் கை நீண்டபோதுதான் தெரிந்தது.

"அப்பா, உனக்குக் கோவம் இல்லையா?"

"யார் மேல?"

"என் மேல."

"இருக்குது. சாப்ட்டு முடிச்சுத் திட்றேன்."

திட்டவில்லை. பில்லுக்குப் பணம் கொடுக்கும்போது கேட்டார். "இந்த ரெண்டு சாப்பாட்ட எந்தக் கட்டத்துல எழுதுவ?"

"உன் சம்பளத்துல."

"வாங்காத சம்பளத்துலயா?" என்று அவர் சிரித்த சிரிப்பில் கல்லாவில் இருந்தவரே நிமிர்ந்து பார்த்தார்.

மடியிலிருந்த வெற்றிலையை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு, திரும்பி வரும்போது வழியெல்லாம் பேசினார். வருகிற பௌர்ணமிக்கு ஏழு அன்னதான ஆர்டர். அவலூர்பேட்டைக்காரனிடம் பழைய பாக்கி. கிழிந்த ஷாமியானாவைத் தைக்க வேண்டும். மலை கண்ணுக்குத் தெரிந்ததும் வண்டியின் வேகத்தைக் கூட்டினார். பின்னால் உட்கார்ந்திருந்த மதிவதனிக்குக் காற்றில் கண் மூடியது. தப்பை ஒப்புக்கொண்டவளுக்கு வரக்கூடாத தூக்கம் வந்தது.

*

கடை வாசலில் வேட்டவலம் கல்யாணத்திலிருந்து திரும்பிய பாத்திரங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. ரேணுகாம்பாள் ஒவ்வொரு அண்டாவையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டு உள்ளே அனுப்பினாள்.

"சுப்பா, அந்த ஜல்லிக் கரண்டி நம்மது இல்ல. மாத்திக் குடுத்துட்டானுங்க. தனியா வை." லோடு ஆளிடம் சொல்லிவிட்டுத்தான் கணவரைப் பார்த்தாள். "வித்தாச்சா?"

"விக்கல" என்றார் திருமலை. "உம் பொண்ணு சோத்த ரெண்டு தடவ எண்ணிட்டா."

ரேணுகாம்பாள் ஒரு அண்டாவின் விளிம்பைப் பிடித்தாள். பிறகு அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள். இத்தனை நாள் அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. விற்காதே என்றும் சொல்லவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தது வியர்வைக்கா வேறெதற்கா என்று கேட்கிற வழக்கம் அந்த வீட்டில் இல்லை.

"அந்தப் பொட்டிய எடு" என்றாள் மகளிடம். "எனக்குக் காட்டு."

மதிவதனி கவிழ்த்து வைத்த தவலைமேல் லேப்டாப்பை வைத்துத் திறந்தாள். கறுப்பு எண்ணைக் காட்டினாள். சம்பள வரிசையைக் காட்டினாள்.

"இதுல எனக்கு எவ்ளோ?"

"பதினெட்டாயிரம்மா. நீலமா இருக்கே, அது. நாம அடிக்கிற நம்பர், மாத்தலாம்."

"மாத்தினா?"

"கீழ லாபம் தானா மாறும்."

ரேணுகாம்பாள் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டாள். "இருபத்திரண்டு போடு."

மதிவதனி அடித்தாள். பதினேழாயிரம் பதின்மூன்றாயிரமானது. கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"பரவால்லயே" என்றார் திருமலை, எட்டிப் பார்த்து. இன்று அவருக்கு எல்லாமே பரவாயில்லை. "தாராளமாக் குடுக்கலாம்."

"குடுக்கலாம்னு பொட்டி சொல்லுது. நீங்க சொல்லுங்க."

"கல்லா சாவியே உங்கிட்டதான இருக்கு. தனியா சம்பளம் வேறயா?"

"சாவி இருக்குது. சம்பளம் இல்ல."

திருமலை சிரிக்கப் பார்த்தார். மனைவி சிரிக்கவில்லை.

"ஏம்மா இருபத்திரண்டு?" என்றாள் மதிவதனி. "இருபதும் இல்லாம, இருபத்தஞ்சும் இல்லாம?"

அப்போது போன் அடித்தது. திருமலையின் கை தன்னிச்சையாகச் சட்டைப்பைக்குப் போனது. அங்கே ஒன்றுமில்லை, அவர் போன் இன்னும் வண்டி சீட்டுக்கு அடியில்தான் இருந்தது.

அடித்தது ரேணுகாம்பாளின் போன். அண்டா மூடிமேல் கிடந்து அதிர்ந்தது. திரையில் பெயர் இல்லை, நம்பர் மட்டும். மதிவதனிக்கு அந்த நம்பர் தெரிந்தது. காலையில் அம்மா பார்க்காமலே சொன்ன நம்பர்.

"எடுக்கட்டுமா?" என்றாள் ரேணுகாம்பாள் கணவரைப் பார்த்து. "பலராமன்தான். அவரு குடோன்ல ஸ்டோர் பாத்துக்கச் சொல்லி மாசம் இருபத்திரண்டுக்குக் கூப்புடறாரு. கடையோட சேத்து என்னையும் கேட்டிருக்காரு. இன்னைக்குள்ள பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்."

திருமலையின் வாயில் அந்த வெற்றிலை இன்னும் இருந்தது. மெல்லுவதை நிறுத்தியிருந்தார்.

போன் அடித்துக்கொண்டே இருந்தது.